பக்கத்து எண்ணிடம் விசாரித்தல்

(கோவிலம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கியும் திருத்தியும் தரப்படுகிறது.)



பெரிய பகா எண் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக எத்தனை இலக்கம், எத்தனை பக்கம் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. நான் சொல்ல வந்தது வேறு. பகா எண்ணுக்கு 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி கிடையாது. அதை உடைத்துப் பார்க்க வழி இல்லை. அப்படியானால் அதைப் பற்றி எதையாவது எப்படித் தெரிந்துகொள்கிறோம்? பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்பதில்லை, பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். கணிதமும் அதைத்தான் செய்கிறது. ஒரு பெரிய பகா எண்ணின் முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் பகு எண்கள். அவற்றுக்குக் காரணிகள் உண்டு, உடைத்துப் பார்க்கலாம். பெரிய பகா எண்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அந்த அண்டை எண்கள் சொன்னதுதான் என்பது என் கட்சி. அதை ஏழு கூறாகச் சொல்கிறேன்.

1. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் எண்

முதலில் எண்ணை அறிமுகம் செய்துவிடுகிறேன். 2-ஐ 255 முறை பெருக்கி, வரும் விடையிலிருந்து 19-ஐக் கழியுங்கள். கிடைப்பது 77 இலக்கம்:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

இது பகா எண். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கக் கணிதவியலர் 2006-இல் வெளியிட்ட ஒரு மறையாக்க முறைக்கு அடித்தளமாக இதைத் தேர்ந்தெடுத்தார். வாட்ஸ்அப்பில் இரு முனைகளுக்கு இடையே செய்தி மறைக்கப்படுவது இந்த எண்ணின் மேல் நடக்கும் கணக்கால்தான். இந்த அரங்கில் அந்த எண்ணை எடுத்து வராதவர் அநேகமாக யாரும் இல்லை.

ஏன் இந்த எண்? காரணம் மிகவும் லௌகீகமானது. இதை வைத்து வகுத்து மீதி காணும்போது, 2²⁵⁵ என்பதன் மீதி வெறும் 19. ஆகவே பெருக்கல் விடை எவ்வளவு நீண்டாலும், 255 இரும இலக்கத்துக்கு மேலே வழிகிற பகுதியை 19-ஆல் பெருக்கிக் கீழே கூட்டிவிடலாம். வகுத்தலே வேண்டாம். பெர்ன்ஸ்டைன் முன்னால் 2²⁵⁵ − 31, 2²⁵⁵ + 95 போன்ற பகா எண்களும் இருந்தன. எல்லாவற்றிலும் கூட்டிக் கழிக்க வேண்டிய எண் சிறியதாக இருந்தது 19-இல்தான், அதனால் அதை எடுத்தார். 

இங்கே ஒரு யோகமும் இருக்கிறது. அந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 177-க்கு ஒன்றுதான் பகா எண். 2²⁵⁵-இலிருந்து 19 படி இறங்கியதும் ஒன்று, மேலும் 12 படி இறங்கினால் மற்றொன்று என்று அருகருகே கிடைத்தது நம் அதிர்ஷ்டம். எவ்வளவு பெரிய எண்களுக்குப் போனாலும் பகா எண் அற்றுப்போகாது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் உண்டு. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதை செபிஷேவ் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அதற்கு இராமானுஜன் 1919-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்று தந்தார். அந்த இதழை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

2. தேடிப் பார்த்து முடியாது

பகா எண்ணா என்று சோதிக்கப் பள்ளியில் சொல்லித்தரும் வழி 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போய், வர்க்கமூலம் வரை பார்ப்பது. நம் 77 இலக்க எண்ணின் வர்க்கமூலம் 39 இலக்கம். நொடிக்குக் கோடி கோடி வகுத்தல் செய்யும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கும் அண்டத்தின் இன்றைய வயதைப் போல ஐம்பது லட்சம் மடங்குக்கு மேல் காலம் வேண்டும். ஆகவே யாரும் அப்படிச் செய்து பார்க்கவில்லை, செய்யவும் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை உதவும். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்ற பட்டியல். அதில் 67-உம் இருந்தது. எதுவார் லூக்கா என்பவர் 1876-இல் 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனால் அதன் காரணி என்னவென்று அவருக்குத் தெரியாது! ஒன்றைக்கூடக் காணாமலே அது உடையும் என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். காரணிகளை 1903-இல்தான் அமெரிக்கரான பிராங்க் கோல் கண்டார்: 193707721 × 761838257287.

இரண்டும் வேறு வேறு அறிவு என்பதைக் கவனியுங்கள். உடையுமா என்று அறிவது ஒன்று, எங்கே உடையும் என்று அறிவது மற்றொன்று. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். இன்றைய வங்கிப் பரிவர்த்தனையின் பாதுகாப்பு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

3. முந்தைய எண் தரும் சான்று

அண்டை எண்ணைக் கேட்பது எப்படித் தொடங்கியது? எட்வர்டு வேரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1770-இல் வெளியிட்ட நூலில் தம் மாணவர் வில்சன் கண்ட ஒரு செய்தியைச் சொல்கிறார். 1 முதல் ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, 1 கூட்டினால், அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 5-ஐ எடுத்தால் 1×2×3×4 = 24, கூட்ட 25. பகு எண்ணுக்கு இது நடக்கவே நடக்காது. மறுஆண்டு லாக்ராஞ்சு இதை நிறுவினார். அழகான தேற்றம், ஆனால் சோதனைக்கு உதவாது. 77 இலக்க எண்ணுக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்ணையும் யார் பெருக்குவது?

உதவக்கூடியது அதற்கும் முன்னால், 1640-இல் பெர்மா சொன்னது. ஒரு பகா எண்ணை எடுங்கள். அதனால் வகுபடாத எந்த எண்ணையும் அதன் முந்தைய எண் அளவுக்கு அடுக்கேற்றினால் மீதி 1 வரும். அடுக்கேற்றுவது சுலபம், வர்க்கம் எடுத்துக்கொண்டே போகலாம், 255 இரும இலக்கத்துக்குச் சில நூறு பெருக்கல் போதும். மீதி 1 வராவிட்டால் அது பகு எண் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். வந்தால்? அங்கேதான் ஏமாற்றம். 561 என்பது 3 × 11 × 17. ஆனாலும் அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை 560 அளவுக்கு அடுக்கேற்றினாலும் மீதி 1-தான். வேடம் போடும் எண்.

வேடத்தைக் கலைக்க என்ன செய்வது? முந்தைய எண்ணை உடைத்துப் பார்ப்பதுதான் வழி. சின்ன எண்ணில் காட்டுகிறேன். 23-ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய எண் 22 = 2 × 11. இப்போது 5-இன் அடுக்குகளை 23-ஆல் வகுத்து மீதி பார்ப்போம். 5² = 25, மீதி 2. 5⁴-க்கு 4. 5⁸-க்கு 16. 5¹⁰-க்கு 16 × 2 = 32, மீதி 9. 5¹¹-க்கு 45, மீதி 22, அதாவது −1. ஆகவே 5²²-க்கு மீதி 1. முக்கியமானது, 22-இன் காரணிகளான 2-இலும் 11-இலும் 1 வரவில்லை. அப்படியானால் 5-இன் அடுக்குகள் 22-க்கு முன் எங்கும் திரும்பி வராமல் 22 வெவ்வேறு மீதிகளைத் தருகின்றன. அந்த 22-இல் எதற்கும் 23-உடன் பொதுக் காரணி இருக்க முடியாது. ஆனால் 23-க்குக் கீழே மொத்தம் இருப்பதே 22 எண்கள். எல்லாமே காரணி பகிராதவை என்றால் 23 பகா எண். வகுத்தே பார்க்கவில்லை, 22-ஐக் கேட்டோம், அது சொல்லிவிட்டது.

நம் 77 இலக்க எண்ணுக்கும் இதுவே வழி. அதன் முந்தைய எண் இப்படி உடைகிறது:

4 × 3 × 65147 × 74058212732561358302231226437062788676166966415465897661863160754340907

கடைசிக் காரணி 71 இலக்கம். அது பகா எண் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். அதற்கும் அதன் முந்தைய எண்ணிடம்தான் போகிறோம். அது உடையும்போது கிடைக்கும் மிகப் பெரிய காரணி 35 இலக்கம்: 75445702479781427272750846543864801. அதன் முந்தைய எண்ணை உடைத்தால் மிகப் பெரிய காரணி 16 இலக்கம்: 1919519569386763. அதற்கு மேல் கையடக்கக் கணினியிலேயே வகுத்துப் பார்த்துவிடலாம். 77, 71, 35, 16 என்று நாலு தலைமுறையில் சாட்சியம் முடிகிறது. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படிச் சுருக்கமான சான்றிதழ் ஒன்று உண்டு என்பதை வாஹன் பிராட் 1975-இல் காட்டினார். உண்டு என்பதுதான் அவர் சொன்னது, எளிதாகக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. முந்தைய எண்ணை உடைக்க முடியாமல் போனால் சான்றிதழ் எழுத முடியாது.

4. வல்லம் சிவசங்கரநாராயண பிள்ளை

இனி நம்மவர் ஒருவர். அவரைப் பற்றிப் பேசுவதற்காகவே இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்வேன்.

குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயது ஆகும்போதே தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு. அங்கே ஓர் ஆசிரியர் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து உதவிப் படிக்கவைத்தார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆராய்ச்சி. 1929-இல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவருடைய பெரிய வேலைகள் அங்கேதான் நடந்தன.

கணித உலகம் அவரை வேரிங் கணக்குக்காக நினைவில் வைத்திருக்கிறது. வில்சன் தேற்றத்தைச் சொன்ன அதே 1770-ஆம் ஆண்டு நூலில் வேரிங் எழுப்பிய கணக்கு அது. எந்த எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாகவும், ஒன்பது கன எண்களின் கூட்டலாகவும், பத்தொன்பது நாலாம் அடுக்குகளின் கூட்டலாகவும் எழுதலாம், மேலும் இப்படியே என்றார் அவர். 'இப்படியே' என்பதில் எவ்வளவு என்பதே கேள்வி. ஏழாம் அடுக்குக்கு மேல் விடை தரும் வாய்பாட்டை 1930-களின் நடுவில் பிள்ளையும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே கண்டார்கள். ஆறாம் அடுக்குக்கு 73 என்று 1940-இல் பிள்ளை நிறுவினார். நாலாம் அடுக்குக்கு வேரிங் சொன்ன 19 சரிதான் என்று 1986-இல் நிறுவிய மூவரில் ஒருவர் இரா. பாலசுப்பிரமணியன். இங்கிருந்து அதிக தூரமில்லாத தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பின்னாளில் இருந்தவர். பிள்ளையின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த பதிப்பின் இரு பதிப்பாசிரியர்களிலும் அவர் ஒருவர்.

ஆனால் இன்றைக்கு எனக்கு வேண்டியது பிள்ளையின் சின்னக் கேள்வி ஒன்று. 1930-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் கேள்விப் பகுதிக்கு அனுப்பியது. வில்சன் தேற்றத்தில் முந்தைய எண் வரை முழுவதும் பெருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகாமல் நடுவில் நிறுத்தி 1 கூட்டினாலும் சில பகா எண்கள் வகுத்துவிடுகின்றன. 1 முதல் 3 வரை பெருக்கினால் 6, கூட்ட 7. நிறுத்திய எண் 3. அது 7-இன் முந்தைய எண்ணான 6-ஐ வகுக்கிறது. எப்போதும் இப்படித்தானா? நிறுத்திய எண் எப்போதும் பகா எண்ணின் முந்தைய எண்ணை வகுத்தாக வேண்டுமா? இதுதான் பிள்ளையின் கேள்வி.

போட்டுப் பாருங்கள், ஆசையாக இருக்கும். 4 வரை பெருக்கிக் கூட்டினால் 25. பகாக்காரணி 5, முந்தைய எண் 4, சரி. 5 வரை: 121 = 11 × 11. முந்தைய எண் 10, 5 அதை வகுக்கிறது. 6 வரை: 721 = 7 × 103. முந்தைய எண்கள் 6-உம் 102-உம், இரண்டையும் 6 வகுக்கிறது. 7 வரை: 5041 = 71 × 71. முந்தைய எண் 70, சரி. (இந்த 5041 பழைய நண்பர். தொடர் பெருக்கத்தோடு 1 கூட்டினால் முழு வர்க்கம் வருவது எப்போதெல்லாம் என்று, புரோக்கார்டுக்குப் பின் இராமானுஜனும் 1913-இல் இதே இதழில் கேட்டார். 4, 5, 7 ஆகிய மூன்றைத் தவிர வேறு எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.) ஏழு வரை பிள்ளையின் ஊகம் பிசகாமல் நிற்கிறது.

8-இல் கவிழ்கிறது. 40320 + 1 = 40321 = 61 × 661. முந்தைய எண்கள் 60, 660. இரண்டையும் 8 வகுக்காது. ஒன்றுகூடத் தேறவில்லை!

இப்படி விதியை மீறும் பகா எண்களுக்கு இன்று பிள்ளைப் பகா எண்கள் என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது, நாம் சற்று முன் பார்த்த அதே 23. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 23-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கிக்கொண்டே போனால், 4 வரை பெருக்கியதும் மீதி 1. 8 வரை போனால் மறுபடி 1. 11 வரை போனால் மறுபடி 1. பின் 12, 18, 22 என்று போய், 14-இல் மீதி 22, அதாவது 1 கூட்டினால் வகுபடும். 18-இலும் அப்படியே. 14-உம் 18-உம் 22-ஐ வகுப்பதில்லை. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பதை 2002-இல் ஜி. இ. ஹார்டி, எம். வி. சுப்பாராவ் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் காணலாம். இந்த ஹார்டி இராமானுஜனின் ஹார்டி அல்ல.

'இல்லை' என்ற விடை கிடைத்ததால் கேள்வி வீண் என்று நினைக்கக் கூடாது. பகா எண் தன் முந்தைய எண்ணுக்கு எதுவரை கட்டுப்பட்டது என்று எல்லையைக் காட்டியது அந்தக் கேள்விதான். அடுக்குகளின் உலகில் முந்தைய எண் சொன்னதே சட்டம். தொடர் பெருக்கங்களின் உலகில் அந்தச் சட்டம் கடைசி எண்ணில் மட்டும் செல்லும், நடுவில் செல்லாது.

அண்டை எண்களைப் பற்றிப் பிள்ளைக்குத் தீராத ஆர்வம் இருந்திருக்க வேண்டும். 1940-இல் இன்னொரு செய்தி எழுதினார். அடுத்தடுத்த 16 எண்களோ அதற்குக் குறைவாகவோ எடுத்தால், மற்ற எவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றில் கட்டாயம் இருக்கும். 17 எடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2184 முதல் 2200 வரை பாருங்கள். இரட்டை எண்கள் தங்களுக்குள் 2-ஐப் பகிர்கின்றன. ஒற்றை எண்களில் 2185-உம் 2195-உம் 5-ஐ, 2187, 2193, 2199 மூன்றும் 3-ஐ, 2189-உம் 2200-உம் 11-ஐ, 2191-உம் 2198-உம் 7-ஐ, 2197-உம் 2184-உம் 13-ஐப் பகிர்கின்றன. தனித்து நிற்பவர் யாரும் இல்லை. 

1941-இல் திருவிதாங்கூர், மறுஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் என்று போனார். பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அழைத்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49. வல்லத்தில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். சாலைக்குப் பெயர் வைக்கவும் தகுந்த ஆள்.

5. அடுத்த எண்

இதுவரை முந்தைய எண்ணையே கேட்டோம். அடுத்த எண்ணும் சாட்சி சொல்லும் என்று கண்டவர் லூக்கா, அதே 1876-இல். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்களுக்கு அடுத்த எண் என்ன? வெறும் 2-களின் பெருக்கம். அதைவிட எளிதாக உடையும் எண் கிடையாது. இந்த வசதியால் அவர் கையாலேயே கணக்குப் போட்டு 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம். 1951 வரை உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் அதுதான்.

லூக்காவின் சோதனையை லெமர் என்ற கணிதவியலர் 1930-இல் செப்பனிட்டுத் தந்தார். செய்முறை இவ்வளவுதான்: 4-இல் தொடங்கு, வர்க்கம் எடுத்து 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வை, மறுபடி அதையே செய். அடுக்கு எதுவோ அதற்கு இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூச்சியமானால் பகா எண். 2⁷ − 1 = 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாவது தடவையில் பூச்சியம். முடிந்தது.

உலகின் மிகப் பெரிய பகா எண்கள் எல்லாம் ஏன் இந்த உருவத்தில் வருகின்றன என்பதற்கு விடை இதுவே. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்ட எண் 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கு, கழித்தல் 1. இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சிட்டாலும் 13,000 பக்கத்தைத் தாண்டும். (கைதட்டுக்கான வரியை நானும் சொல்லிவிட்டேன்.) டப்ளினில் இருந்த ஒரு கணினி அக்டோபர் 11-இல் இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று சொன்னது, மறுநாள் டெக்சாசின் சான் அன்டோனியோவில் இருந்த மற்றொரு கணினி லூக்கா–லெமர் சோதனையால் உறுதி செய்தது. அந்த அளவில் பகா எண்கள் எண்ணிலடங்காமல் உண்டு. ஆனால் அவற்றின் அண்டை எண்களை நம்மால் உடைக்க முடியாது, அதனால் அவை நமக்குத் தெரியாமல் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த பெரிய பகா எண்கள் எளிய அண்டை வீட்டார் வாய்த்தவை, அவ்வளவே.

6. ரகசியமும் அண்டை எண்ணில்தான்

வங்கி இணையதளங்களில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை 1977-இல் வந்தது. இரண்டு பகா எண்களைப் பெருக்கி விடையை ஊரறியச் சொல்லிவிடுவார்கள். எடுத்துக்காட்டுக்கு 5 × 11 = 55. பூட்டும் சாவி 3 என்பதும் எல்லோருக்கும் தெரியும். திறக்கும் சாவி 27. அது எங்கிருந்து வந்தது? முந்தைய எண்களைப் பெருக்குங்கள், 4 × 10 = 40. 3-ஐயும் 27-ஐயும் பெருக்கினால் 81, 40-ஆல் வகுக்க மீதி 1. ஆக 55 பொதுச் சொத்து, 40 ரகசியம். பகா எண்களின் பெருக்கத்தைச் சொல்லலாம், அவற்றின் முந்தைய எண்களின் பெருக்கத்தைச் சொல்லக் கூடாது. 

முந்தைய எண் சிறு காரணிகளாகவே உடைந்தால் அதுவும் ஆபத்து. ஜான் பொல்லார்ட் 1974-இல் கண்ட முறை அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்து பெரிய எண்களை உடைக்கிறது. சான்றிதழ் எழுத உதவும் அதே எளிமை திருடனுக்கும் உதவும்.

அண்டை எண் சரியில்லை என்றால்? இங்கேதான் நீள்வளைவரைகள் என்ற உருவங்கள் வருகின்றன. ஒரு பகா எண்ணின் மேல் அப்படிப்பட்ட வரைகள் பலவற்றை வரையலாம். ஒவ்வொன்றிலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, அந்தப் பகா எண்ணின் பக்கத்தில் எங்கோ ஓர் எண். எவ்வளவு விலகலாம் என்பதற்கு ஹெல்முட் ஹாசே 1930-களில் எல்லை வகுத்தார், அடுத்த எண்ணிலிருந்து இருபுறமும் வர்க்கமூலத்தின் இரு மடங்கு வரை. முன்பு இரண்டே அண்டை எண்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு பேட்டையே கிடைக்கிறது. வாட்ஸ்அப் பயன்படுத்தும் நீள்வளைவரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, நம் 77 இலக்க எண்ணிலிருந்து 39 இலக்கத் தொலைவில் இருக்கிறது. அது 8-ஐ ஒரு 76 இலக்கப் பகா எண்ணால் பெருக்கியது. பொல்லார்ட் வகை ஆட்களுக்கு அங்கே நுழைவாசல் இல்லை. பெர்ன்ஸ்டைன் தேடியது அப்படிப்பட்ட அண்டை எண்ணைத்தான். சான்றிதழ் எழுதுகிறவர்களும் 1980-களிலிருந்து இதே உத்தியைக் கையாள்கிறார்கள். முந்தைய எண் உடையவில்லையா, வரையை மாற்று, வேறோர் அண்டை எண்ணைக் கேள்.

7. யாரையும் கேட்காத சோதனை

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னிருவர் அப்போதுதான் பி.டெக். முடித்த இளைஞர்கள். அகர்வால் கான்பூரில் ஆசிரியராக அமர்வதற்கு முன் சிலகாலம் சென்னையில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில் இருந்தவர். இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் அந்தப் பள்ளியின் வளர்ச்சிதான்.

எந்த எண்ணாக இருந்தாலும், அதன் அண்டை எண்கள் உடைந்தாலும் உடையாவிட்டாலும், நிரூபிக்கப்படாத ஊகம் எதையும் நம்பாமல், வாய்ப்புக்கு இடம் வைக்காமல், நியாயமான காலத்துக்குள் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் முதல் வழி அது. அடிப்படை நம் பிளஸ் ஒன் பாடத்தில் உள்ள ஈருறுப்புத் தேற்றம். ஏழாம் வரிசையின் கெழுக்கள் 1, 7, 21, 35, 35, 21, 7, 1. நடுவில் இருப்பவை எல்லாம் 7-ஆல் வகுபடும். ஆறாம் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. இங்கே 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடா. பகா எண்ணின் வரிசையில் மட்டுமே எல்லாம் வகுபடும். பெரிய எண்ணுக்கு அந்த வரிசை முழுவதையும் எழுத முடியாது என்பதால், ஒரு சிறிய துணை எண்ணை வைத்து வரிசையை மடித்துச் சுருக்கினார்கள். மடித்தபின்னும் சோதனை பிழைக்காது என்று நிறுவியதுதான் அவர்களுடைய சாதனை. 2004-இல் அது 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வந்தது, 2006-இல் கோடல் பரிசு பெற்றது.

ஆனால் முதல் வடிவில் அந்தத் துணை எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அது ஒரு பகா எண்ணாக இருக்க வேண்டும், அதன் முந்தைய எண்ணுக்கு ஒரு பெரிய பகாக்காரணி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் போதுமான அளவு உண்டு என்று பிரெஞ்சுக்காரரான ஃபூவ்ரி 1985-இல் நிறுவியிருந்ததை எடுத்துக்கொண்டார்கள். வாசலில் விரட்டிய பக்கத்து எண் கொல்லைப்புறமாக வந்துவிட்டது. பிறகு லென்ஸ்த்ரா என்ற கணிதவியலர் சொன்ன திருத்தத்தால் அச்சில் வந்த வடிவில் அந்தத் தேவையும் நீங்கியது. ஆகவே இந்தக் கூறில் வழக்கு எனக்குத் தோல்விதான். தோற்றாலும் ஒன்று சொல்வேன். நடைமுறையில் பெரிய எண் ஒன்றுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் இன்றைக்கும் யாரும் இந்தச் சோதனையை ஓட்டுவதில்லை, மிகவும் மெதுவானது. நீள்வளைவரைகளிடமோ லூக்காவிடமோதான் போகிறார்கள்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒரு வேலை தந்துவிட்டு அமர்கிறேன். 2¹³ − 1 = 8191. 4-இல் தொடங்கி லெமர் சொன்னபடி பதினொரு தடவை. முதல் மூன்று மீதிகளை நானே தருகிறேன்: 14, 194, 4870. மிச்சம் எட்டு தடவை உங்களுடையது. கடைசியில் பூச்சியம் வராவிட்டால் நடுவில் எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது, திரும்பப் போடுங்கள். இனி கேள்விகளைக் கேட்கலாம்.